எரிவாயுவில் ஹைட்ரஜன்: ‘20 சதவீதம் வரை பயமில்லை’ என்பது எங்கே உண்மை?

மண்ணுக்குள் கிடக்கும் எரிவாயுக் குழாய்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றில் ஓடும் இயற்கை எரிவாயுவோடு கொஞ்சம் ஹைட்ரஜனைக் கலந்துவிட்டால் என்ன? கேட்கும்போதே ஆசை வரும் யோசனை. புதுக் குழாய் வேண்டாம், புது அடுப்பு வேண்டாம், எரிக்கும்போது வெளியேறும் கரியமில வாயுவும் குறையும். நெதர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று பல நாடுகளில் இதற்கான சோதனைகள் நடந்திருக்கின்றன.

“வெடித்துவிடாதா?” என்பதுதான் யாருக்கும் முதலில் வரும் கேள்வி. அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில்: “20 சதவீதம் வரை பயமில்லை.” இந்தப் பதில் பொய் கிடையாது. ஆனால் அது வீட்டு அடுப்பை மனதில் வைத்துச் சொல்லப்படும் பதில். அந்த அடுப்புக்கு நூறு கிலோமீட்டர் பின்னால் இருக்கும் உயர் அழுத்த எஃகுக் குழாயைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், இந்த விவாதம் குழம்பிக் கிடப்பதற்கே இந்த ஒற்றைச் சதவீத எண்தான் காரணம். எதில் 20 சதவீதம், எந்த அழுத்தத்தில், எந்த உலோகத்துக்குள் என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

முதலில் கணக்கு

கலப்பு அளவைச் சொல்லும்போது எல்லோரும் கன அளவில்தான் சொல்கிறார்கள். ஹைட்ரஜன் மிக லேசான வாயு. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். ஒரு கன மீட்டர் மீத்தேனை எரித்தால் சுமார் 40 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அதே ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தருவது 13-க்கும் கொஞ்சம் குறைவு. அதனால் கன அளவில் 20 சதவீதம் கலந்தால் ஆற்றலில் ஹைட்ரஜனின் பங்கு சுமார் 7 சதவீதம்தான். 5 சதவீதம் கலந்தால் அது 2 சதவீதத்தைக்கூடத் தொடாது. கரியமில வாயு குறைவதும் கிட்டத்தட்ட இதே அளவில்தான்.

அந்த 7 சதவீதமும் ஹைட்ரஜன் எப்படித் தயாரானது என்பதைப் பொறுத்தது. இன்று உலகில் பெரும்பகுதி ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. மீத்தேனை நீராவியோடு வினைபுரிய வைத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். அந்த ஒரு கிலோ ஹைட்ரஜன் தரும் வெப்பத்தை மீத்தேனை நேரடியாக எரித்தே எடுத்திருந்தால் சுமார் 7 கிலோதான் வந்திருக்கும். வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்துவைக்காமல் எடுத்த ஹைட்ரஜனைக் கலப்பது, வாசலில் புகையைக் குறைத்துக் கொல்லைப்புறத்தில் கூடுதலாக விடுவதுதான். ஆகவே காற்றாலை, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜன் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேச முடியும்.

பாதுகாப்பைப் பற்றிய கட்டுரையில் இந்தக் கணக்கு எதற்கு? எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்ற கேள்வி, பதிலுக்கு எவ்வளவு லாபம் என்பதோடு ஒட்டிப் பிறந்தது. 7 சதவீத லாபத்துக்காக எதையெல்லாம் சோதிக்க வேண்டும், எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பதைப் பார்க்கும்போது இந்த எண் நினைவில் இருப்பது நல்லது.

அடுப்படியில் என்ன மாறுகிறது?

தனி ஹைட்ரஜனின் குணங்களைப் படித்தால் யாருக்கும் பயம் வரும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும்; ஹைட்ரஜனுக்கோ 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவும் போதும். மீத்தேனைப் பற்றவைக்கத் தேவையான பொறியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆற்றலே ஹைட்ரஜனைப் பற்றவைத்துவிடும். தீச்சுடர் பரவும் வேகமும் பல மடங்கு அதிகம்: மீத்தேனுக்கு நொடிக்கு 40 சென்டிமீட்டர் அளவு என்றால், ஹைட்ரஜனுக்கு 2 முதல் 3 மீட்டர்.

ஆனால் குழாயில் வருவது தனி ஹைட்ரஜன் இல்லையே. 20 சதவீதக் கலவையின் தீப்பற்றும் எல்லையைக் கணக்கிட்டால் சுமார் 4.8 முதல் 18 சதவீதம் என்று வருகிறது. கீழ் எல்லை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. கசிவு விபத்துகளில் கீழ் எல்லைதான் முக்கியம். அறையில் வாயு சேரச் சேர முதலில் தொடுவது அதைத்தான். பற்றவைக்கும் பொறி விஷயத்திலும் நடைமுறை வித்தியாசம் பெரிதில்லை. மின் சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறியோ, வறண்ட நாளில் உடம்பில் சேரும் நிலைமின்சாரமோ மீத்தேனைப் பற்றவைக்கவே தாராளமாகப் போதும். மின்கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையும், 25 சதவீதம் வரை ஹைட்ரஜன் உள்ள இயற்கை எரிவாயுவைச் சாதாரண இயற்கை எரிவாயுவின் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால்தான் கண்டிப்பான வகுப்புக்குப் போக வேண்டும்.

மூடிய இடங்களில் நடந்த வெடிப்புச் சோதனைகளும் இதையே காட்டுகின்றன. 20 சதவீதம் வரை வெடிப்பு அழுத்தம் மீத்தேனைவிடக் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். பாதிக்குப் பாதி ஹைட்ரஜன் என்ற நிலைக்கு நெருங்கும்போது கதை மாறுகிறது. சுடர் வேகமெடுத்து, சுவரையும் கூரையையும் தள்ளும் அழுத்தம் விறுவிறுவென்று ஏறுகிறது.

சரி, பர்னர்? இங்கே இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது. ஒரு பர்னர் எவ்வளவு வெப்பம் தரும் என்பது வாயுவின் வெப்ப மதிப்பை மட்டும் பொறுத்ததில்லை. அதே துளை வழியாக அந்த வாயு எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதையும் பொறுத்தது. லேசான வாயு வேகமாகப் பாயும். இரண்டையும் சேர்த்து அளக்கும் எண்ணுக்கு வோபே குறியீடு என்று பெயர். மீத்தேனின் வெப்ப மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் ஹைட்ரஜனுக்கு இருந்தாலும், வோபே குறியீட்டில் இரண்டும் 10 சதவீத இடைவெளிக்குள் நிற்கின்றன: மீத்தேனுக்குச் சுமார் 53, ஹைட்ரஜனுக்குச் சுமார் 48. 20 சதவீதக் கலவையில் குறியீடு 5 சதவீதம் அளவுக்கே இறங்குகிறது. அடுப்பைத் திருகிவிட்டுச் சமைப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பயப்பட வேண்டிய விஷயம் சுடர் பின்னோக்கி ஓடுவது. வாயு வெளியே வரும் வேகத்தைவிடச் சுடர் உள்ளே பாயும் வேகம் அதிகமானால், தீ பர்னர் துளைக்குள்ளேயே புகுந்துவிடும். ஹைட்ரஜன் கூடக் கூட இந்த வாய்ப்பு கூடும். 20 சதவீதத்தில் சுடர் வேகம் ஓரளவே ஏறுவதால், நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான வீட்டுக் கருவிகள் இதைத் தாங்கிவிடுகின்றன. தனி ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்ற பயமும் இந்த அளவில் பொருந்தாது. மீத்தேன் கலந்திருப்பதால் நீலச் சுடர் அப்படியே இருக்கும்.

இன்னொரு பக்கம் ஒரு சின்ன நன்மையும் உண்டு. காற்றைத் தானாகச் சரிசெய்துகொள்ளாத சாதாரண பர்னரில் ஹைட்ரஜன் சேரும்போது, எரிபொருளுக்கு ஒப்பிடக் காற்றின் பங்கு கொஞ்சம் கூடுகிறது. அதனால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாவது குறைகிறது. எரிவாயுக் கருவிகள் உள்ள வீடுகளில் சத்தமில்லாமல் உயிரை எடுப்பது அந்த வாயுதான் என்பதால் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது.

இதெல்லாம் காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தின் சொந்த எரிவாயு வலைப்பின்னலில் 2019 முதல் 2021 வரை 20 சதவீதம் வரை கலந்து பார்த்தார்கள். 100 வீடுகளும் 30 பல்கலைக்கழகக் கட்டடங்களும் அதில் இருந்தன. அடுத்து கேட்ஸ்ஹெட் அருகே வின்லேட்டனில் 668 வீடுகள், ஒரு பள்ளி, சில கடைகளுக்கு 2021-22இல் அதே கலவை போனது. அங்கே இருந்தவை ஆண்டுகளாகப் புழங்கிய சாதாரணக் கருவிகள்தான், எதையும் மாற்றவில்லை. ஆனால் கலவை போவதற்கு முன் வீடு வீடாகப் போய்க் கருவிகளைச் சோதித்தார்கள். பிரிட்டனின் 1996ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிப்படி ஹைட்ரஜன் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் தனி விலக்கு வாங்கித்தான் இதைச் செய்ய முடிந்தது. அந்த வீடுவீடான சோதனையை மறந்துவிட்டு, “பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை” என்று மட்டும் சொல்வது அரைகுறைச் செய்தி.

கசிவும் மோப்பமும்

ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது, எதில் வேண்டுமானாலும் கசிந்துவிடும் என்று சொல்வார்கள். பாதி சரி. ஒரே அளவு துளை வழியாகத் தனி ஹைட்ரஜன் மீத்தேனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கன அளவு வெளியேறக்கூடும். ஆனால் 20 சதவீதக் கலவையில் அந்த உயர்வு 10 சதவீதம் அளவுக்கே வருகிறது. வெளியேறும் வாயுவில் உள்ள ஆற்றலைப் பார்த்தால் அது கொஞ்சம் குறையவே செய்கிறது. வாயு புகாத இணைப்பு, கலவைக்கும் புகாத இணைப்பாகத்தான் இருக்கும். ஏற்கெனவே கசியும் இணைப்பு கொஞ்சம் கூடுதலாகக் கசியும்.

நகர விநியோகத்தில் இப்போது பரவலாக இருக்கும் பாலிஎத்திலீன் குழாய்களின் சுவர் வழியாகவே ஹைட்ரஜன் ஊடுருவும். மீத்தேனைவிட நாலைந்து மடங்கு வேகமாக ஊடுருவும் என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் மீத்தேன் ஊடுருவுவதே அற்பம் என்பதால், அதன் நாலைந்து மடங்கும் தீப்பிடிக்கும் அளவுக்குச் சேராது. பாதுகாப்பு என்ற கோணத்தில் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பருவநிலை என்ற கோணத்தில் மட்டும் கவனிக்கலாம்: காற்றில் கலக்கும் ஹைட்ரஜன், மீத்தேனை அழிக்கும் வேதிப்பொருளைத் தின்றுவிடுவதால் மறைமுகமாக வெப்பத்தைக் கூட்டுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது ஒரே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 12 மடங்கு அளவுக்கு என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

கசிவைக் கண்டுபிடிப்பதில்தான் எளிதில் கண்ணில் படாத ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மூக்குக்குப் பிரச்சினை இல்லை. எரிவாயுவில் சேர்க்கப்படும் மெர்கேப்டன் போன்ற கந்தக வாசனைப் பொருள்கள் கலவையிலும் அதே நாற்றத்தைத் தருகின்றன. கருவிகளுக்குத்தான் பிரச்சினை. அகச்சிவப்பு ஒளியால் வாயுவைக் காணும் சென்சார்களுக்கு ஹைட்ரஜன் தெரியவே தெரியாது, ஏனென்றால் ஹைட்ரஜன் மூலக்கூறு அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. 20 சதவீதக் கலவை கசிந்தால் அந்த சென்சார் 80 சதவீதத்தை மட்டுமே பார்த்து, நிலைமை உண்மையில் இருப்பதைவிடப் பரவாயில்லை என்று காட்டும். வண்டியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கசிவு தேடும் லேசர் கருவிகளுக்கும் இதே குறைதான். வினையூக்கி வகை சென்சார்கள் ஹைட்ரஜனையும் உணரும். ஆனால் வேறு அளவில் உணரும் என்பதால் மறு அளவீடு தேவை. குழாயில் வாயுவின் கலவையை அளக்கும் பகுப்பாய்வுக் கருவிகளில் ஹீலியத்தைத் துணை வாயுவாக வைத்து இயங்குபவை ஹைட்ரஜனைச் சரியாகப் பிடிக்காது. குழாயைக் காட்டிலும் முதலில் மாற்ற வேண்டியது இந்தக் கருவிகளைத்தான் என்பது என் எண்ணம். செலவும் அதில்தான் குறைவு.

எஃகுக்குள் நடப்பது

இனி விஷயத்தின் கனமான பகுதிக்கு வருவோம். வீட்டுக்கு வரும் குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் கொஞ்சமே கூடுதல். அதில் 20 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தால், ஹைட்ரஜனின் தனி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஹைட்ரஜனின் பங்கு மட்டும், சுமார் 0.2 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்). நாடு முழுக்க வாயுவைக் கொண்டுபோகும் பெரிய எஃகுக் குழாயில் அழுத்தம் 70 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதே 20 சதவீதம் என்றால் 14 பார் ஹைட்ரஜன். எழுபது மடங்கு வித்தியாசம். எஃகுக்குச் சதவீதம் தெரியாது; அது உணர்வது இந்தத் தனி அழுத்தத்தைத்தான்.

ஹைட்ரஜன் மூலக்கூறாக எஃகுக்குள் நுழைய முடியாது. உலோகத்தின் மேல் பட்டு இரண்டு அணுக்களாகப் பிரிந்த பிறகே உள்ளே போகிறது. எஃகின் மேலுள்ள ஆக்சைடு படலம் சாதாரணமாக இதைத் தடுத்து நிறுத்தும். ஆனால் ஒரு விரிசல் கொஞ்சம் திறந்தாலும், படலம் இல்லாத புது உலோகம் வெளியே தெரிகிறது. ஹைட்ரஜனுக்கு வாசல் கிடைத்துவிடுகிறது. உள்ளே போன அணுக்கள் எங்கே இழுவிசை அதிகமோ அங்கே, அதாவது விரிசலின் நுனியில், கூடுகின்றன. அங்கே எஃகு வளைந்து கொடுக்கும் குணத்தை இழந்து, உடையும் குணத்துக்கு மாறுகிறது. இதைத்தான் ஹைட்ரஜன் நொறுங்கல் என்கிறார்கள்.

இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, ஹைட்ரஜன் பட்டதும் குழாய் கண்ணாடி போல நொறுங்கிவிடும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவில் மட்டுமே சுமார் 2,600 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனி ஹைட்ரஜன் குழாய்கள் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன, பெரும்பாலும் மெக்சிகோ வளைகுடாக் கரையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்காக. ஆனால் அவை ஹைட்ரஜனுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. வலிமை குறைந்த எஃகு, அதிகம் ஏறி இறங்காத அழுத்தம், கவனமாகப் போட்ட வெல்டிங்.

இயற்கை எரிவாயுக் குழாயின் வாழ்க்கை வேறு மாதிரி. காலையில் தேவை ஏறும், இரவில் இறங்கும். குழாயையே ஒரு கிடங்கு போலப் பயன்படுத்தி அழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் உலோகத்தை ஒரு முறை இழுத்துவிடுகிறது. ஏற்கெனவே இருக்கும் நுண்விரிசல் அந்த இழுப்பில் துளித்துளியாக நீள்கிறது. சாதாரணமாக இந்த நீட்சி மிக மெதுவாக நடப்பதால் குழாயின் ஆயுளுக்குள் பிரச்சினை வராது. ஹைட்ரஜனுக்குள் வைத்துச் சோதித்தால், இழுப்பு ஓரளவுக்கு மேல் போகும்போது, விரிசல் நீளும் வேகம் பத்து மடங்கும் அதற்கு மேலும் கூடுகிறது. உடையாமல் தாங்கும் திறனும் குறைகிறது.

இதில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு, இந்தப் பாதிப்பு ஹைட்ரஜனின் அளவோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பது. எஃகில் கரையும் ஹைட்ரஜனின் அளவு, தனி அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. அதாவது தனி அழுத்தத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தாலும், கரைவது பாதியாகத்தான் குறையும். ஒரு பார் அளவிலேயே பாதிப்பு தெளிவாகத் தென்படுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே “வெறும் 5 சதவீதம்தானே” என்ற ஆறுதல் அடுப்படியில் செல்லும். 70 பார் குழாயில் அவ்வளவாகச் செல்லாது. அங்கே 5 சதவீதம் என்பதே 3.5 பார். கலிபோர்னியாவில் ஒழுங்குமுறை ஆணையத்துக்காக 2022இல் ரிவர்சைடு பல்கலைக்கழகம் செய்த ஆய்வு, 5 சதவீதம் வரை பொதுவாகப் பாதுகாப்பானது, அதற்கு மேல் போகப்போகக் கசிவு வாய்ப்பும் எஃகுப் பாதிப்பும் கூடும் என்று சொன்னது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2013இல் வெளியிட்ட அறிக்கை 5 முதல் 15 சதவீதம் என்ற வரம்பைச் சொல்லி, ஒவ்வொரு வலைப்பின்னலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எந்த எஃகு என்பதும் கேள்விதான். எக்ஸ்42, எக்ஸ்52 போன்ற வலிமை குறைந்த வகைகள் பொதுவாகப் பரவாயில்லை. எக்ஸ்70, எக்ஸ்80 போன்ற வலிமை கூடிய வகைகளில் கவனம் கூடுதலாக வேண்டும். அதற்காகப் பழைய குழாயெல்லாம் நல்ல குழாய் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய முறையில் போட்ட நீள்வாட்டு வெல்டிங், வெல்டிங்கை ஒட்டிக் கடினமாகிப்போன திட்டுகள், எப்போதோ மண்வெட்டும் இயந்திரம் இடித்த பள்ளம் ஆகியவைதான் விரிசலுக்குப் பிறப்பிடம். பல நிறுவனங்களிடம் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் புதைத்த குழாயின் முழு ஆவணங்கள் இருப்பதில்லை. எனவே கலக்கும் முன் குழாயின் உள்ளே ஆய்வுக் கருவியை ஓட்டி, சுவரில் உள்ள ஒவ்வொரு குறையையும் அளந்து, ஹைட்ரஜன் வந்தால் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும்.

வேறு வழி, இயங்கும் அழுத்தத்தைக் குறைப்பது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஹைட்ரஜன் குழாய்த் தரநிலை, வலிமை கூடிய எஃகுக்கு அனுமதிக்கப்படும் அழுத்தத்தைக் குறைத்தே வைக்கிறது. ஆனால் அழுத்தத்தைக் குறைத்தால் குழாயில் போகும் ஆற்றலும் குறையும். 20 சதவீதக் கலவையில் அதே ஆற்றலை அனுப்பவே சுமார் 16 சதவீதம் கூடுதல் கன அளவைத் தள்ள வேண்டியிருக்கிறது. அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர்களோ லேசான வாயுவைத் தள்ளத் திணறுபவை. பாதுகாப்புக்காக ஒரு பக்கம் இறுக்கினால் இன்னொரு பக்கம் தளர்ந்துபோகிறது.

சங்கிலியில் நடுவில் இருப்பவர்கள்

வீட்டு அடுப்பு தாங்கும், குழாயும் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். அதே வலைப்பின்னலில் வேறு பலர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். இயற்கை எரிவாயுவில் ஓடும் வாகனங்களின் வலிமை கூடிய எஃகு சிலிண்டர்களுக்குப் பன்னாட்டு விதி 2 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜனை அனுமதிப்பதில்லை. முதல் பார்வைக்கு இது அதீத எச்சரிக்கையாகத் தோன்றும். அந்த சிலிண்டரில் அழுத்தம் 200 பார், 2 சதவீதம் என்றாலே 4 பார் ஹைட்ரஜன், அது தினம்தோறும் நிரம்பிக் காலியாகும் பாத்திரம் என்று கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும். ஜெர்மனியில் 10 சதவீதம் வரை இடம் கொடுத்த விதிகள்கூட, பக்கத்தில் வாகன நிரப்பு நிலையம் இருந்தால் 2 சதவீதம்தான் என்று நிறுத்திக்கொண்டது இதனால்தான்.

மின் நிலையங்களின் எரிவாயு டர்பைன்கள் இன்னொரு தலைவலி. மாசைக் குறைப்பதற்காக நூலிழைச் சமநிலையில் எரிப்பை அமைத்திருப்பார்கள். கலப்பு விகிதம் நிலையாக இருந்தால் அதற்கேற்ப அவற்றைச் சீரமைத்துவிடலாம். காற்று வீசும்போது ஹைட்ரஜன் அதிகம், வீசாதபோது இல்லை என்று விகிதம் மணிக்கு மணி ஆடினால்தான் வம்பு. கண்ணாடி உலைகளுக்கும் அப்படியே.

நிலத்தடிக் கிடங்குகளில் கதை இன்னும் வினோதம். உப்புக் குகைகளில் ஹைட்ரஜன் நன்றாகவே இருக்கும். இங்கிலாந்தின் டீஸ்சைடில் 1970களிலிருந்து அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் நுண்துளைப் பாறைகளில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஹைட்ரஜன் விருந்து. செக் நாட்டின் லோபோதிட்சே கிடங்கில் அந்தக் கால நிலக்கரி வாயுவை வைத்தபோது, அதிலிருந்த ஹைட்ரஜனின் கணிசமான பங்கை நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றிவிட்டன. வேறு சில நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடைக் கக்கும். அது நச்சு வாயு, எஃகையும் அரிக்கும். கிடங்கில் தொடங்கிய ஒரு வேலை குழாயின் பாதுகாப்பில் வந்து முடிகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு வலைப்பின்னலின் கலப்பு வரம்பைத் தீர்மானிப்பது அதில் தொங்கும் மிகப் பலவீனமான ஆள்தான். அது அடுப்பாக இருப்பது அபூர்வம்.

“முன்பே செய்ததுதானே?”

ஹைட்ரஜன் கலப்பை ஆதரிப்பவர்கள் கையில் ஒரு நல்ல வரலாற்றுச் சான்று இருக்கிறது. இயற்கை எரிவாயு வருவதற்கு முன் நகரங்களில் ஓடியது நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயு. அதில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். ஒன்றரை நூற்றாண்டு அதில்தான் விளக்கு எரிந்தது, சமையல் நடந்தது. ஹாங்காங்கில் இன்றும் வீடுகளுக்குப் போகும் வாயுவில் பாதியளவு ஹைட்ரஜன்தான். ஹவாயில் 10 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் உள்ள வாயு 1970களிலிருந்து ஓடுகிறது.

சான்று உண்மை, அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கவனம் வேண்டும். அந்தக் காலக் குழாய்கள் குறைந்த அழுத்தத்தில் ஓடிய வார்ப்பிரும்புக் குழாய்கள். வாயு உற்பத்தியானதும் எரிந்ததும் ஒரே ஊருக்குள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் 70 பாரில் தள்ளும் வேலை அப்போது இல்லை. அடுப்புகளும் அந்த வேகமான சுடருக்காகவே செய்யப்பட்டவை. அப்புறம், அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடும் இருந்தது; அது வாங்கிய உயிர்கள் ஏராளம். எனவே அதைப் பாதுகாப்பின் பொற்காலமாகக் காட்டுவதும் பொருந்தாது. குறைந்த அழுத்த நகர விநியோகத்தில் ஹைட்ரஜன் புதிதில்லை என்று மட்டும் அந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

20-க்கு அடுத்து 21 வருவதில்லை

கலப்பதை முதல் படி என்கிறார்கள்: இன்று 5, நாளை 20, பிறகு மெல்ல மெல்ல 100. இந்தப் படிக்கட்டு கற்பனையில்தான் இருக்கிறது. 20 சதவீதத்தைத் தாண்டியதும் மேலே சொன்ன சலுகைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்கின்றன. பர்னர் மாற வேண்டும், மீட்டர் மாற வேண்டும், மின்கருவிகளின் வகுப்பு மாற வேண்டும், வெடிப்பின் குணமே மாறுகிறது. தனி ஹைட்ரஜனை வீட்டுக்குள் கொண்டுவருவதானால், கசிவு பெரிதானதும் தானே மூடிக்கொள்ளும் வால்வுகள் வேண்டும் என்று பிரிட்டனில் நடந்த பாதுகாப்பு மதிப்பீடே சொன்னது. எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் காயம்பட வாய்ப்புள்ளவர்கள் எண்ணிக்கை இயற்கை எரிவாயுவைவிடச் சுமார் நாலு மடங்கு என்பது அதன் கணக்கு. வால்வுகளோடு அது ஏறக்குறைய சமமாகிவிடுகிறது.

ஒரு வாயுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது மெல்ல நடக்கும் காரியமும் இல்லை. பிரிட்டன் நிலக்கரி வாயுவிலிருந்து வட கடல் எரிவாயுவுக்கு 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகளில் மாறியது. தெருத்தெருவாக வாயுவை நிறுத்தி, வீடு வீடாகப் புகுந்து, சுமார் நாலு கோடி கருவிகளை மாற்றியோ சரிசெய்தோ கொடுத்தார்கள்.

அதுபோன்ற மாற்றத்தைத் தனி ஹைட்ரஜனுக்காகச் சிறிய அளவில் முயன்று பார்க்கும் திட்டம் பிரிட்டனில் இரண்டு ஊர்களை வைத்து யோசிக்கப்பட்டது. எல்ஸ்மியர் போர்ட் பக்கத்திலுள்ள விட்பியில் ஊர் மக்களிடம் போதிய ஆதரவு இல்லாததால் 2023 ஜூலையில் அது கைவிடப்பட்டது. ரெட்காரில் தேவையான ஹைட்ரஜன் கிடைக்காது என்று தெரிந்ததும் அதே ஆண்டு டிசம்பரில் அதுவும் நின்றது. அதே டிசம்பரில், 20 சதவீதம் வரை கலப்பதை, பாதுகாப்புச் சான்றுகள் சரியாக இருந்தால், கொள்கை அளவில் ஆதரிப்பதாக பிரிட்டன் அரசு அறிவித்தது. அந்த முடிவு விநியோக வலைப்பின்னலை மட்டுமே குறித்தது. உயர் அழுத்தத்தில் ஓடும் தேசியக் குழாய்கள் அதில் சேர்க்கப்படவில்லை.